டிக்கெட்டில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பலாமா? தனியாக நெடுந்தூரம் பறக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு ஊரிலிருந்து பூமியின் மறுபக்கத்து ஊருக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தேடினால் சட்டென்று இரண்டு எண்கள் வந்துவிடும். அந்த இரண்டையும் நம்பித்தான் பெரும்பாலானவர்கள் விடுப்பு கேட்கிறார்கள், ஹோட்டல் பதிவு செய்கிறார்கள், இறங்கிய மறுநாள் காலையிலேயே நேர்முகத் தேர்வையோ முக்கியமான சந்திப்பையோ வைத்துக்கொள்கிறார்கள். பதினெட்டு மணி நேரம் என்று நினைத்துக் கிளம்பிய பயணம் முப்பது, முப்பத்தைந்து மணி நேரமாக இழுத்துக்கொண்டு போவது நடுவழியில்தான் தெரியவரும். பழக்கமில்லாத விமான நிலையத்தில், நள்ளிரவில், சார்ஜ் இறங்கிக்கொண்டிருக்கும் போனோடு, அடுத்த டிக்கெட்டைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டிய நிலை வந்தால் மனசு எப்படித் தவிக்கும் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். பயம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம், "இதை யாராவது ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா" என்கிற ஆதங்கம் ஒரு பக்கம். அந்த ஆதங்கம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். டிக்கெட் தேடுவதில் ஆரம்பித்து, இறங்கிப் பெட்டியைக் கையில் வாங்குவது வரை வரிசையாகவே போகலாம்.

முதலில் தூரம். இணையத்தில் கிடைக்கும் தூரக் கணக்கு பெரும்பாலும் பூமி உருண்டையின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். ஒரு பந்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் அது எந்த வழியாகப் போகுமோ, அதுதான் அந்தக் கோடு. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் போடும் நேர்க்கோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த அலகில் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். விமானத் துறையில் கடல் மைல்தான் வழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கிமீ, சாதாரண மைல் 1.609 கிமீ. சிங்கப்பூர்–நியூயார்க் தூரம் ஏறத்தாழ 8,283 கடல் மைல், அதாவது சுமார் 15,340 கிமீ. அதே எண்ணைச் சாதாரண மைல் என்று எடுத்துக்கொண்டு பெருக்கினால் 13,330 கிமீ தான் வரும். இரண்டாயிரம் கிமீ காணாமல் போய்விடும்! அது இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பறப்பு.

இந்தத் தூரத்தை நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமே இல்லை. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருந்தால் போதும். சிங்கப்பூர் சாங்கி: 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. நியூயார்க் ஜான் எஃப். கென்னடி: 40.64 வடக்கு, 73.78 மேற்கு. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும், 177.77 பாகை வரும். இரண்டும் ஒரே பக்கம் என்றால் கழிக்க வேண்டும். இப்போது இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.0155. பிறகு இரண்டு அட்சரேகைகளின் கொசைனையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள்: மைனஸ் 0.7580. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.7425. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கால்குலேட்டரின் தலைகீழ் கொசைன் பொத்தானில் பார்த்தால் சுமார் 137.9 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கிமீ என்று பெருக்கினால் 15,340 கிமீ பக்கம் வந்து நிற்கும். பூமி முழு உருண்டை இல்லை, துருவங்களில் கொஞ்சம் அமுங்கியிருக்கிறது என்பதால் சில கிலோமீட்டர் முன்பின் இருக்கும். பயணத் திட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. கால்குலேட்டர் பாகைக் கணக்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும்.

ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்துத் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. சிட்னி ஆஸ்திரேலியாவிலும் உண்டு, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் உண்டு. சான் ஹோசே என்று கலிபோர்னியாவில் ஒரு ஊர், கோஸ்டா ரிகாவின் தலைநகரமும் அதே பெயர். கலிபோர்னியாவின் விமான நிலையக் குறியீடு எஸ்.ஜே.சி., கோஸ்டா ரிகாவினுடையது எஸ்.ஜே.ஓ. கடைசி எழுத்து மாறினால் நாடே மாறிவிடுகிறது. விலை அதிசயமாகக் குறைவாகத் தெரிந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அந்த மூன்றெழுத்தைப் பாருங்கள். பணம் கட்டிய பிறகு கண்டுபிடித்தால் ரத்துக் கட்டணம் போக என்ன மிஞ்சுமோ அதுதான் உங்களுக்கு. அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ பறக்கும் டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே நேரடியாக, கிளம்புவதற்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது பதிவு செய்திருந்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்ய வழி இருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. (பணம் கட்டாமலே அந்த விலையை ஒரு நாள் பிடித்துவைக்கும் வசதியை நிறுவனம் கொடுத்தால், இந்த வழி இருக்காது.) அதனால் பதிவு செய்த அன்றே, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, டிக்கெட்டை முதல் எழுத்திலிருந்து திரும்ப வாசியுங்கள்.

சரி, தூரம் தெரிந்துவிட்டது. நேரத்துக்கு வருவோம். பெரிய ஜெட் விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிமீ வேகத்தில் பறக்கும். தூரத்தை 900ஆல் வகுத்து, ஏற்றம், இறக்கம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது இவற்றுக்காக 40 நிமிடம் சேர்த்தால் உத்தேசமான நேரம் வரும். லண்டன்–பெர்த் (ஆஸ்திரேலியா) சுமார் 14,500 கிமீ. வகுத்தால் 16 மணி, மேலே 40 நிமிடம், ஆகப் பதினேழு மணிக்குக் கொஞ்சம் குறைவு. 2018 மார்ச் முதல் அந்தத் தடத்தில் நிற்காமல் பறக்கும் விமானம் ஏறத்தாழ அந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் எல்லாத் தடத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. சிங்கப்பூர்–நியூயார்க்கை இதே மாதிரி போட்டால் 17 மணி 40 நிமிடம்தான் வருகிறது. உண்மையில் பதினெட்டரை மணிக்கு மேல் ஆகும். குறுகிய கோடு வட துருவத்துக்கு அருகே போகிறது, விமானமோ காற்றைத் தேடிப் பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிப் போகிறது. பறக்கும் தூரம் 16,000 கிமீ தாண்டிவிடும், ஆனாலும் பின்னால் இருந்து தள்ளும் காற்று கிடைப்பதால் அதுவே லாபம்.

காற்று என்று சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் மணிக்கு 200 கிமீ வேகத்தில் இருப்பது சகஜம், குளிர்காலத்தில் அதைவிடவும் பலமாக இருக்கும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 5,540 கிமீ. நியூயார்க்கிலிருந்து கிழக்கே வரும்போது ஆறரை, ஏழு மணி நேரம், திரும்ப மேற்கே போகும்போது ஏழரை, எட்டு. 2020 பிப்ரவரியில் சியாரா புயல் அடித்தபோது ஒரு 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. அதே காற்று எதிரே வந்தவர்களை எவ்வளவு தாமதப்படுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே போகிற நேரத்தை வைத்துத் திரும்புகிற நேரத்தைக் கணக்குப் போடக்கூடாது. குறிப்பாக மேற்கே போகும் பயணத்தில், அதுவும் குளிர்காலத்தில், அடுத்த விமானத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் விட்டு வைப்பது நல்லது.

காற்றை விடவும் பெரிய விஷயம் வான்வெளித் தடை. பின்லாந்தின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிமீ. நம் கணக்குப்படி ஒன்பதரை மணிக்குள் முடிய வேண்டும், முன்பு அப்படித்தான் இருந்தது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டதும் அதே பயணம் பதின்மூன்று மணி நேரம் பக்கம் ஆகிவிட்டது. தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை! பழைய பதிவுகளையும், போன வருஷம் போய்வந்த சொந்தக்காரர் சொல்வதையும் நம்பிக் கணக்குப் போட்டால் இங்கேதான் ஏமாறுவோம். நீங்கள் போகப்போகும் அதே விமான எண்ணைத் தேடி, கடந்த இரண்டு வாரமாக அது நிஜமாக எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். விமானங்களின் ஓட்டத்தை நேரலையில் காட்டும் தளங்கள் பலவும் அந்தப் பழைய கணக்கை வைத்திருக்கின்றன. ஐந்து நிமிட வேலை, அதில் கிடைக்கும் தெளிவு எந்தக் கால்குலேட்டரிலும் கிடைக்காது.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிறுத்துவது வரைக்குமான நேரம். வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. நெரிசலான நிலையங்களில் ஓடுபாதைக்குப் போகவே அரை மணி ஆகும் என்பதால் நிறுவனங்கள் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவைக்கின்றன. அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கு இறங்குவது இதனால்தான். அதேபோல "டைரக்ட்" என்று போட்டிருந்தால் நிற்காமல் போகும் என்று அர்த்தமில்லை. ஒரே விமான எண், ஆனால் நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறும், சில நேரம் விமானமே மாறும். "நான்-ஸ்டாப்" என்று இருந்தால்தான் நிற்காது. விவரப் பக்கத்தில் "நிறுத்தங்கள்: 1" என்று சின்ன எழுத்தில் இருக்கும், அங்கே கை வைத்துப் பாருங்கள்.

இனி கடிகாரம். சிங்கப்பூரில் பகல் 12 மணிக்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், கோடையில் நியூயார்க்கில் அதே நாள் மாலை 6.40க்கு இறங்குவீர்கள். டிக்கெட்டில் 12.00 – 18.40 என்று மட்டும்தான் தெரியும். வீட்டில் இருப்பவர்கள் ஆறே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் போலிருக்கிறதே என்பார்கள். இந்தக் குழப்பத்துக்கு ஒரே மருந்து, எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றிவிடுவது. சிங்கப்பூர் அதைவிட 8 மணி முன்னால், அதனால் கிளம்புவது பொது நேரம் 04.00. அதோடு 18.40ஐக் கூட்டினால் 22.40. கோடையில் நியூயார்க் 4 மணி பின்னால், அதனால் 18.40. குளிர்காலத்தில் 5 மணி பின்னால், அதனால் 17.40. ஒரு தாளில் ஒவ்வொரு விமானத்துக்கும் இப்படி எழுதிவிட்டால் மொத்தப் பயண நேரம், நடுவில் காத்திருக்கும் நேரம் எல்லாம் வெறும் கழித்தல் கணக்காகிவிடும்.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் இந்தக் கோடைகால நேர மாற்றம் எல்லா நாட்டிலும் ஒரே நாளில் நடப்பதில்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். ஒரு இடத்தில் மாறி, இன்னொரு இடத்தில் மாறாமல் இருக்கும் அந்த இடைப்பட்ட நாட்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் 5 மணி இல்லை, 4 மணிதான். சிட்னி தெற்கில் இருப்பதால் அங்கே எல்லாம் தலைகீழ். லண்டன்–சிட்னி வித்தியாசம் வருஷத்தில் 9, 10, 11 என்று மூன்று விதமாக இருக்கும். டிக்கெட்டில் நேரம் சரியாகத்தான் இருக்கும். அழைத்துப்போக வருபவருக்கு நாம் வாயால் சொல்கிற நேரத்தில்தான் பிசகு வரும்.

தேதி விஷயத்தில் பணம் போகிற இடம் இரண்டு. ஒன்று, நள்ளிரவு தாண்டிய விமானம். 15ஆம் தேதி 00.30 என்று இருந்தால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்களை விமான நிலையங்களில் அடிக்கடி பார்க்கலாம். அவர்கள் முகம் வெளுத்துப்போவதைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும், ஏனென்றால் அந்த டிக்கெட்டுக்கு மறுவாழ்வு கிடையாது. இரண்டாவது, சர்வதேசத் தேதிக் கோடு, அதாவது பசிபிக் நடுவே, தாண்டினால் தேதி ஒரு நாள் மாறிவிடும் கற்பனைக் கோடு. ஆக்லாந்தில் ஜூன் 10 இரவு 7.30க்குக் கிளம்பி 12 மணி நேரம் பறந்தால் லாஸ் ஏஞ்சலிஸில் அதே ஜூன் 10 பகல் 12.30. கிளம்பிய நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். திரும்பும்போது ஜூன் 10 இரவு 10 மணிக்கு ஏறி 13 மணி நேரம் பறந்தால் ஆக்லாந்தில் ஜூன் 12 காலை 6 மணி. ஜூன் 11 என்ற நாளே கையில் வராது. 11ஆம் தேதிக்கு ஹோட்டல் போட்டிருந்தால் வராத விருந்தாளியாகக் கணக்கு முடித்து முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்வார்கள். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக +1 (மறுநாள்), +2 (அதற்கடுத்த நாள்) என்று இருப்பதைப் பார்த்த பிறகே அறை போடுங்கள்.

அதிகமானவர்கள் அடிபடுவது நடுவில் விமானம் மாறும் இடத்தில்தான். ஒரே பதிவு எண்ணில் இரண்டு விமானங்களும் இருக்கிறதா, இல்லை இரண்டு தனித்தனி டிக்கெட்டா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விலை ஒப்பிடும் தளங்கள் இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டை ஒட்டிப்போட்டு ஒரே பயணமாகக் காட்டுவதுண்டு. "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்" என்றோ, "லக்கேஜை நீங்களே எடுத்து மீண்டும் செக்-இன் செய்ய வேண்டும்" என்றோ ஓரத்தில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியின் விலை, சில சமயம் மொத்த டிக்கெட்டின் விலை.

2 மணி 20 நிமிட இடைவெளியை எடுத்துக்கொள்வோம், பார்க்க நிறைய நேரம் இருப்பதாகத்தான் தோன்றும். முதல் விமானம் 20 நிமிடம் தாமதம். பின் வரிசையில் இருந்து இறங்க 20 நிமிடம். தனி டிக்கெட் என்றால் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், இமிக்ரேஷன் வரிசை 45 நிமிடம். பெட்டி வர 30 நிமிடம். அடுத்த டெர்மினலுக்குப் போக 20 நிமிடம். ஆக மொத்தம் 135 நிமிடம், மிச்சம் இருப்பது 5 நிமிடம். ஆனால் சர்வதேச விமானத்துக்குச் செக்-இன் கவுண்டரை 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். அதாவது நீங்கள் 55 நிமிடம் பிந்திவிட்டீர்கள், விமானம் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாலும். அதே இடைவெளி ஒரே டிக்கெட்டில் இருந்தால் தாமதம் 20, இறங்க 20, பாதுகாப்புச் சோதனை 20, வாயிலுக்கு நடக்க 15, மொத்தம் 75 நிமிடம். கையில் 65 நிமிடம் மிச்சம், தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் போகலாம். பெட்டி அதுவாகவே மாறிவிடும்.

தனி டிக்கெட்டில் வந்து தவறவிட்டவர் கவுண்டரில் நின்று கேட்கும்போது, "அந்த விமானம் பிந்தியதற்கு நாங்கள் பொறுப்பில்லை, நீங்கள் வரவில்லை என்றுதான் எங்கள் கணக்கில் இருக்கிறது" என்பார் அந்த ஊழியர். அவர் சொல்வது விதிப்படி சரிதான். ஆனால் தூக்கமில்லாமல், ஊர் தெரியாமல் நிற்பவருக்கு அந்த வார்த்தை வயிற்றைப் பிசையும். அழுதாலும் கெஞ்சினாலும் அங்கே ஒன்றும் நடக்காது. கடைசி நேர விலையில் புது டிக்கெட்தான். இன்னொரு வினையும் இருக்கிறது. போகும் பயணத்தின் முதல் துண்டில், அதாவது முதல் விமானத்தில், ஏறாவிட்டால் அந்தப் பதிவில் மிச்சமுள்ள எல்லாத் துண்டுகளும், திரும்பும் டிக்கெட் உட்பட, தானாகவே ரத்தாவது வழக்கம். பிந்துவது உறுதி என்று தெரிந்த நிமிடமே, விமானம் கிளம்புவதற்கு முன், அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். கட்டணம் கட்டித் தேதி மாற்றவாவது சில டிக்கெட்டுகளில் வழி இருக்கும். கிளம்பிய பிறகு அதுவும் போச்சு.

என் கணிப்பு இது: ஒரே டிக்கெட் என்றால் இரண்டிலிருந்து மூன்று மணி நேர இடைவெளி, தனி டிக்கெட் என்றால் குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் ஒரு இரவு தங்கல். அந்த இரவுச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே டிக்கெட்தான் மலிவாக முடியும். அன்றைய கடைசி விமானத்தில் கனெக்‌ஷன் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே டிக்கெட்டாக இருந்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமையாக இருந்தாலும், அந்த அடுத்த விமானம் மறுநாள்தான் இருக்கும்.

ஒரே ஊர் என்று போட்டிருப்பதும் ஒரே விமான நிலையம் ஆகாது. லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏற வேண்டியிருக்கலாம், டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில். இரண்டிலும் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, நெரிசலில் இரண்டு. நியூயார்க்கில் கென்னடியும் நுவார்க்கும் அப்படித்தான், இஸ்தான்புல்லில் இரண்டு நிலையங்களும் நகரின் வேறு வேறு பக்கத்தில் இருக்கின்றன. வெளியே வர வேண்டும் என்பதால் விசாவும் வேண்டியிருக்கும். அமெரிக்காவில் வெளியே வராவிட்டாலும் வேண்டும். அந்த நாட்டின் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவரும் இமிக்ரேஷனைக் கடந்தாக வேண்டும், பெரும்பாலும் பெட்டியையும் எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். கனடா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) ஆகியவையும் சில நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் விமானம் மாறுவதற்கே தனி விசா கேட்கின்றன. இது இல்லாவிட்டால் கிளம்பும் ஊரிலேயே ஏற விடமாட்டார்கள், பணமும் திரும்பாது. உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் மட்டும் பாருங்கள், தெரிந்தவர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்பதையும் பல நாடுகள் கண்டிப்பாகப் பார்க்கின்றன.

கிளம்பும் நாளில் கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டும் சீட்டை நின்று வாசியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்து உங்கள் கடைசி ஊருடையதாக இருக்க வேண்டும். நடுவில் மாறும் ஊரின் எழுத்து இருந்தால் பெட்டி அங்கேயே இறங்கிவிடும், நீங்கள் போய் எடுக்க வேண்டும் என்று அர்த்தம். உங்களுக்குத் தரும் சின்னத் துண்டில் பத்து இலக்க எண் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் உங்களைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள், அல்லது பெட்டி ஏறாமலே நின்றுவிடும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட் மணி (Wh) வரை இருந்தால் அனுமதி, 100இலிருந்து 160 வரை நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் மணி, பிரச்சினை இல்லை. பறக்கும்போது அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பல நிறுவனங்கள் இப்போது தடை போட்டிருக்கின்றன, அதனால் போனை ஏறும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். மருந்து, சார்ஜர், ஒரு மாற்று உடை, போய்ச் சேரும் முகவரி எழுதிய தாள் எல்லாம் கைப்பையில். முதல் நிலையத்தில் வாங்கிய வாசனைத் திரவியமோ மதுவோ முத்திரையிட்ட பையைப் பிரித்துவிட்டால், மாறும் ஊரின் சோதனையில் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், காற்றழுத்தமோ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். தொண்டை வறள்வது அந்த வறண்ட காற்றால்தான், கால் வீங்குவது நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதால். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். ரத்தக்கட்டு வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம் தெளிய, கடந்து வந்த ஒவ்வொரு மணி நேர வித்தியாசத்துக்கும் ஒரு நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். கிழக்கே போவது மேற்கே போவதைவிடக் கடினம். முக்கியமான வேலையை இறங்கிய மறுநாள் வைக்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பிந்திவிட்டால் என்ன கிடைக்கும் என்பதிலும் தூரம்தான் பேசுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமும், அங்கே வந்து இறங்கும் ஐரோப்பிய நிறுவன விமானமும் ஒரே விதிக்குள் வரும். கடைசி ஊருக்கு 3 மணி நேரமோ மேலோ பிந்தி, காரணம் புயல் போன்ற அசாதாரணமான ஒன்றாக இல்லாவிட்டால், 1,500 கிமீ வரை 250 யூரோ, நடுத்தரத் தூரத்துக்கு 400, 3,500 கிமீக்கு மேற்பட்ட நெடும் பயணத்துக்கு 600. நெடும் பயணத்தில் தாமதம் 4 மணிக்குள் இருந்தால் பாதியாகக் குறைக்கலாம். நடுவில் எந்த ஊரைச் சுற்றிப் போனீர்கள் என்பது கணக்கில் வராது. கிளம்பிய ஊருக்கும் கடைசி ஊருக்கும் இடையே உள்ள அந்த வளைகோட்டுத் தூரம்தான், மேலே போட்ட அதே கணக்கு. சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் இல்லை, விமானத்தின் ஒரு கதவாவது திறக்கப்பட்ட நேரம். 3 மணிக்கு ஓரிரு நிமிடம் முன்பின் ஆகும் வழக்குகளில் இதுவே தீர்ப்பை மாற்றும். அதனால் கதவு திறக்கும்போது போனில் நேரம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். இதெல்லாம் ஒரே பதிவில் இருந்தால்தான், தனி டிக்கெட்டுகளைச் சேர்த்துக் கேட்க முடியாது.

பெட்டி வராவிட்டால் சுங்கப் பகுதியைத் தாண்டி வெளியே வராதீர்கள். உள்ளே இருக்கும் லக்கேஜ் கவுண்டரில் புகார்ப் படிவம் போட்டு அதன் எண்ணை வாங்கிக்கொண்ட பிறகே நகர வேண்டும். படம் எடுத்து வைத்த அந்தப் பத்து இலக்க எண் இங்கேதான் வேண்டும். விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி சேதமாகியிருந்தால் கையில் வாங்கியதிலிருந்து 7 நாளுக்குள், பிந்தி வந்தால் வந்து சேர்ந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் பெட்டிக்கான அதிகபட்ச இழப்பீடு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அது தானாக வந்துவிடாது. பெட்டி இல்லாத நாட்களில் வாங்கிய உடை, பற்பசை வரை ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். போர்டிங் பாஸின் கிழித்த துண்டைக்கூட, பணம் கணக்கில் ஏறும் வரை தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீதிமன்றம் போவதானால் இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.